உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக: படிப்பு முதல் பொழுதுபோக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க விரும்புகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தேர்வு அறிவிக்கை, பாடத்திட்டம், கட்-ஆஃப் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகின்றன. பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு இருபது முப்பது ஆண்டுகள் அந்த மனிதர் வகுப்பறையில் என்ன செய்யப்போகிறார், எட்டாம் வகுப்பு மாணவி எழுந்து கேட்கும் கேள்விக்கு எதைக் கொண்டு பதில் சொல்லப்போகிறார் என்பவை குறைவாகவே பேசப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மையமாக வைத்து எழுதப்படும் இந்த வழிகாட்டி, வேலைக்குப் போகும் வழியையும், வேலையில் சேர்ந்தபின் அறிவியலோடு உயிர்ப்பான உறவை வைத்துக்கொள்ளும் வழியையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு அறிவியல் ஆசிரியரின் பொழுதுபோக்கு அவருடைய பணித்தகுதியின் ஒரு பகுதி என்பது பல ஆசிரியர்களை அருகிலிருந்து பார்த்து நான் அடைந்த உறுதியான கருத்து. ஆகவே அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த வகுப்புகளுக்கு ஆசிரியர் என்பதை முடிவு செய்தல்

6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களும், 11, 12ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்களும் கற்பிக்கிறார்கள். 10ஆம் வகுப்போடு முடிவது உயர்நிலைப் பள்ளி. 12 வரை செல்வது மேல்நிலைப் பள்ளி. முதுகலை ஆசிரியர் தம் ஒரே பாடத்தை ஆழமாக நடத்துவார். பட்டதாரி ஆசிரியரோ, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அடங்கிய ஒரே அறிவியல் புத்தகத்தை முழுவதுமாக நடத்த வேண்டியிருக்கும். விலங்கியல் படித்தவர் ஒளிவிலகலையும், இயற்பியல் படித்தவர் மெண்டலின் பட்டாணிச் செடிகளையும் விளக்கும் நிலை இங்கே அன்றாட நடைமுறை. இந்த விரிவு சிலருக்குச் சுமையாகத் தோன்றும். எனக்கு இதுவே இந்தப் பணியின் மிகப்பெரிய ஈர்ப்பு. ஒரு துறையின் எல்லைக்குள் இருக்கவே மனம் விரும்பினால் முதுகலைப் பட்டம் முடித்து மேல்நிலை வகுப்புகளுக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கில் ஒன்றில் பி.எஸ்சி. பட்டம் பெறுவதே சிக்கலற்ற வழி. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற புதிய பட்டங்கள் படிப்பதற்கு நன்றாக இருந்தாலும், ஆசிரியர் பணிக்கு அவை இந்த நான்கு பாடங்களில் ஏதேனும் ஒன்றுக்கு இணையானவை என்று அரசாணை இருந்தால்தான் செல்லும். தேர்வில் வெற்றி பெற்று, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இணைத்தன்மைச் சிக்கலால் திரும்பி வருவது மிகக் கொடுமையான அனுபவம். கல்லூரியில் சேரும் முன்பே அந்த அரசாணையைத் தேடிப் பார்த்துவிட்டால் அதைத் தவிர்க்கலாம்.

துணைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்ப்பக்கத்தை எடுங்கள். உயிரியல் பக்கம் இருப்பவர் வேதியியலையும், இயற்பியல் பக்கம் இருப்பவர் வாய்ப்பிருந்தால் வேதியியலையோ உயிரியலையோ துணையாகப் படித்தால், பின்னாளில் 9ஆம் வகுப்பின் ஏதோ ஒரு பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியிருக்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு குறிப்பு: அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்றாகிவிட்டது. எனவே தொடக்கப் பள்ளி முதல் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் தமிழ்வழிச் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி மூடப்பட்டோ வேறொன்றோடு இணைக்கப்பட்டோ போனபின் அந்தச் சான்றைத் தேடி அலைவது எளிதல்ல.

மூன்றாம் படி: பி.எட்.

பட்டப்படிப்புக்குப் பிறகான பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாக இருக்கிறது. 12ஆம் வகுப்பு முடித்தவுடனேயே ஆசிரியர் பணி என்று உறுதியாக முடிவு செய்தவர்கள், பி.எஸ்சி., பி.எட். இரண்டையும் இணைத்த நான்காண்டுப் படிப்பைப் பார்க்கலாம். மைசூரில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் அப்படிப்பட்ட ஒருங்கிணைந்த படிப்பை நீண்ட காலமாக நடத்தி வந்திருக்கிறது; ஓராண்டு மிச்சமாவதோடு, பாடத்தைக் கற்கும்போதே அதை எப்படிக் கற்பிப்பது என்று சிந்திக்கும் பழக்கமும் அங்கே உருவாகும்.

பி.எட். படிப்பில் உண்மையான பயன் தரும் பகுதி கற்பித்தல் பயிற்சி. இரண்டாம் ஆண்டில் பள்ளியில் இருக்கும் 16 வாரங்களைப் பதிவேடுகளுக்கு அட்டை போடுவதிலும் வண்ணப் படங்கள் ஒட்டுவதிலும் செலவழித்துவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் நன்றாகக் கற்பிக்கிறார் என்று மாணவர்களே சொல்லும் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் எந்தப் பாடம் நடத்துபவராக இருந்தாலும் அனுமதி பெற்று அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் அமருங்கள். தவறான பதில் சொன்ன மாணவரிடம் அவர் அடுத்து என்ன கேட்கிறார், கரும்பலகையை எப்படிப் பகுத்துக்கொள்கிறார், எந்த இடத்தில் எத்தனை நொடி மௌனமாக நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கற்பித்தல் முறைகள் பற்றிய நூல் சொல்லித் தராதவை இவை.

நான்காம் படி: தேர்வுகள்

இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டதைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012இல் நடந்தது. உங்களுக்குரியது இரண்டாம் தாள். மொத்தம் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. அறிவியல் பட்டதாரிகள் கடைசிப் பகுதியில் கணிதத்தை ஒதுக்கிவிட்டு அறிவியலை மட்டும் மீண்டும் மீண்டும் படிப்பதைப் பார்க்கிறேன். 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான கணிதப் புத்தகங்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதே அதற்கான சரியான தயாரிப்பு. இத்தகுதிச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

தகுதித் தேர்வில் வெற்றி பெறுவது மட்டும் பணி நியமனத்திற்குப் போதாது. 2018ஆம் ஆண்டின் 149ஆம் எண் அரசாணைப்படி, தகுதி பெற்றவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனியான போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். இதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும், நீங்கள் பட்டம் பெற்ற பாடத்திற்கான தாளும் உண்டு. தகுதித் தேர்வு பள்ளிப் புத்தகத்தின் அகலத்தையும், போட்டித் தேர்வு பட்டப்படிப்பின் ஆழத்தையும் சோதிப்பதால், இரண்டுக்கும் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு படிப்பது பயன் தராது.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் ஒரு தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்றும், அதற்குக் குறைவான காலம் உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு தேவை என்றும் கூறியது. தனியார் பள்ளியில் சேர எண்ணுபவர்களும் தகுதித் தேர்வை எழுதி வைத்துக்கொள்வது நல்லது; பள்ளி மாறும்போது அதற்கு மதிப்பு உண்டு.

ஐந்தாம் படி: முதல் ஆண்டு

நியமன ஆணை பெற்றவுடன் கால அட்டவணையைக் கையில் வாங்குவீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகள் இருக்கும். அவற்றில் உங்களுக்கு ஓய்வாக விடப்பட்டவை பதிலி வகுப்புகளிலும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதிலும், உதவித்தொகைப் படிவங்களிலும் கரைந்துவிடும். ஆகவே பாடத் தயாரிப்புக்குப் பள்ளி நேரத்தை நம்பாமல், வீட்டில் தினமும் ஒரு நிலையான நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முழுவதும் இந்தத் தயாரிப்பு கடினமாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் பாதியாகும். மூன்றாம் ஆண்டிலிருந்து நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளே உங்களுக்கு வழிகாட்டும்.

மாணவர்களின் பெயர்களை முதல் இரண்டு வாரங்களுக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். "கடைசி பெஞ்ச் தம்பி, எந்திரி" என்பதற்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாணவர் ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருப்பார். உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டறியுங்கள்: எந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறார்கள், அறுவடைக் காலத்தில் யார் யார் பள்ளிக்கு வரமாட்டார்கள், எந்த வீட்டில் படிக்க விளக்கு இல்லை. அறிவியல் வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு முன் இவை தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: பாடத்தைத் தயாரித்தல்

அறிவியல் பாடத் தயாரிப்பின் மையம், மாணவர்கள் ஏற்கெனவே மனதில் கொண்டுவரும் விளக்கத்தைக் கண்டுபிடிப்பது. வகுப்பறைக்கு வரும் எந்தப் பிள்ளையும் வெற்று மனதோடு வருவதில்லை. செடி மண்ணிலிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது, கனமான பொருள் வேகமாக விழும், மின்விளக்கில் மின்னோட்டம் தீர்ந்துபோகிறது, வெயில் காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பன போன்ற கருத்துகள் அனுபவத்திலிருந்து உருவானவை. அவற்றுக்கு உள்ளே ஒரு நியாயமும் இருக்கிறது. அவற்றை முதலில் வெளியே கொண்டுவராமல் சரியான விடையை எழுதிப் போட்டால், தேர்வுக்கு ஒரு விடையும் வாழ்க்கைக்கு வேறொரு விடையுமாக மாணவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள்.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். "ஒரு வேப்பங்கன்று பெரிய மரமாகும்போது அந்த எடை எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள். வகுப்பில் பெரும்பாலோர் மண் என்பார்கள், சிலர் தண்ணீர் என்பார்கள், காற்று என்று சொல்பவர் அரிது. அடுத்து, 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் செய்த சோதனையைச் சொல்லுங்கள்: எடை பார்த்த உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார், மரம் சுமார் 74 கிலோ எடை கூடியது, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 57 கிராம். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அது பாதிதான் சரி என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை கொடுங்கள். காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடு மரக்கட்டையாக மாறுகிறது என்ற செய்தி அப்போது அவர்களுக்கு உண்மையான வியப்பாக இருக்கும். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான்.

பருவகாலங்களுக்கும் இதே முறை பொருந்தும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில். மார்கழிப் பனியில் நாம் சூரியனுக்கு நெருக்கமாக இருக்கிறோம் என்ற செய்தியைச் சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். அப்போது எழும் கேள்விகளே அச்சு சாய்வு பற்றிய பாடத்தைத் திறந்துவிடும்.

ஏழாம் படி: ஆய்வகம்

உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆய்வகம் என்பது ஒரு பீரோவும் ஒரு மேசையும்தான். அதற்காகச் சோதனைகளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. செம்பருத்திப் பூச்சாறும் மஞ்சள் தடவிய தாளும் அமில, காரங்களைக் காட்டிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த நீரில் உறிஞ்சுகுழாயால் ஊதினால் அது பால் போல் கலங்கும். மூச்சில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடுக்கு அதைவிட நேரடியான சான்று தேவையில்லை, ஆனால் நீரை உறிஞ்சிவிடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி ஆட்டினால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 நொடியாகும், கயிற்றை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் 1 நொடியாகும்: நீளம் நான்கில் ஒன்றானால் நேரம் பாதியாகிறது என்பதை மாணவர்கள் கைக்கடிகாரத்தோடு அளந்தே சொல்லிவிடுவார்கள். கல்லின் எடையை மாற்றினாலும் நேரம் மாறவில்லை என்பதையும் அவர்களே சோதித்து வாதாடட்டும்.

ஒரு கண்ணாடித் துண்டும் இருட்டான அறையும் இருந்தால் சூரியனையே அளக்கலாம். சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் துளையிட்ட தாளால் மூடி, வெயிலில் வைத்து, அதன் ஒளியை 20 மீட்டர் தொலைவில் உள்ள இருண்ட வகுப்பறைச் சுவரில் விழச் செய்யுங்கள். சுவரில் விழும் வட்டம் துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமே விழுவது அதற்கு ஆதாரம். அந்த வட்டத்தின் விட்டம் 18 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். விட்டத்தைத் தொலைவால் வகுத்து, 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் என்று வந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாத அரசுப் பள்ளி மாணவர்கள் தங்கள் கணக்கில் வந்த எண்ணைப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவர்களுக்குள் பிறக்கும் தன்னம்பிக்கையை வேறு எதனாலும் கொடுக்க முடியாது.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் வெப்பத்தால் கொதித்துத் தெறிக்கும். அடர் அமிலங்களை மாணவர் கையில் தரவே கூடாது. பெயர்ச்சீட்டு இல்லாத குப்பியை, உள்ளே இருப்பது என்னவென்று தெரியும் என்று யார் சொன்னாலும், பயன்படுத்தாதீர்கள். கண்ணில் ஏதேனும் பட்டால் கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீர் வாளி அருகில் இருப்பதை உறுதி செய்த பிறகே சோதனை தொடங்க வேண்டும்.

எட்டாம் படி: பத்தாம் வகுப்பு

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15உம் எழுத்துத் தேர்வில் 20உம் வேண்டும். ஆகவே செய்முறைத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளாமல் ஜூலையிலிருந்தே மாதம் இரண்டு சோதனைகள் என்று முடித்துவிடுங்கள். குவிலென்சின் குவிய தூரத்தையும் ஒரு கம்பியின் மின்தடை எண்ணையும் தம் கையால் கண்டறிந்த மாணவருக்கு அந்தப் பாடங்களின் கணக்குகளும் பிடிபடும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தேர்ச்சிக்கு அது உதவும். ஆனால் படம் வரைந்து பாகங்களைக் குறித்தலும் எளிய சமன்பாடுகளும் அவர்களால் முடியாதவை என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கையெழுத்து சரியாக வராத மாணவர் இதயத்தின் படத்தை மிக அழகாக வரைவதை ஒவ்வோர் ஆண்டும் காணலாம்.

ஒன்பதாம் படி: மன்றமும் போட்டிகளும்

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் கருத்தாளர் செய்துகாட்டும் சோதனையை அடுத்த வகுப்பில் மாணவர்களே திரும்பச் செய்யும்படி அமைத்தால் பயன் இரட்டிப்பாகும். புத்தாக்க யோசனைகளுக்கான இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். படிப்பை நிறுத்திவிடக்கூடிய நிலையில் உள்ள பிள்ளையை அந்தத் தொகை பள்ளியில் தக்கவைக்கும் என்பதால் இதற்கான பயிற்சியை முதன்மையான கடமையாகக் கருதுங்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடந்துவரும் இதில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒரு சிக்கலை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். விலைக்கு வாங்கிய மாதிரியை மேசையில் வைக்கும் கண்காட்சிகளைவிட, தங்கள் தெருவின் கிணறுகளில் நீர்மட்டம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று கயிறு விட்டு அளந்து வரைபடமாக்கும் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். மாநில அளவில் இதை முன்னெடுத்துவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கப்பட்டது. அதன் துளிர் மாத இதழை வகுப்பு நூலகத்திற்கு வரவழையுங்கள்.

பத்தாம் படி: பொழுதுபோக்கு

மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய பிறகும், விடுமுறை நாட்களிலும், மதிப்பெண்ணோடும் பதிவேட்டோடும் தொடர்பில்லாத ஓர் அறிவியல் ஈடுபாடு உங்களுக்கு வேண்டும். பாடப்புத்தகத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்துகிறவருக்கு, விடை தெரியாத கேள்வியின் முன் நிற்கும் அனுபவம் மறந்துபோகும். அந்த அனுபவம் மறந்தவரால் மாணவரின் குழப்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

வானம் பார்த்தல் செலவில்லாத தொடக்கம். நம் மாதப் பெயர்கள் வானத்தோடு கட்டப்பட்டவை: சித்திரை மாத முழுநிலா சித்திரை விண்மீனின் அருகிலும், கார்த்திகை மாத முழுநிலா கார்த்திகைக் கூட்டத்தின் அருகிலும், மார்கழி முழுநிலா திருவாதிரையின் அருகிலும் தோன்றும். பஞ்சாங்கத்தில் இருக்கும் ரோகிணி, மகம், கேட்டை போன்ற பெயர்களை வானத்தில் நேரில் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் உங்கள் மாணவர்களின் பாட்டிமார்களோடும் பேச உங்களுக்கு ஒரு பொருள் கிடைத்துவிடும். அடுத்த கட்டமாக, மூக்குக் கண்ணாடிக் கடையில் +1 திறன் கொண்ட வெட்டாத வட்ட லென்சை வாங்குங்கள். அதன் குவிய தூரம் 1 மீட்டர். அதை ஒரு பிளாஸ்டிக் குழாயின் முனையில் பொருத்தி, மறுமுனையில் 25 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள கண்ணருகு லென்சை வைத்தால் 40 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஓரங்களில் தெரியும் வண்ணக் கசிவைக் குறைக்க, பெரிய லென்சின் முன் நடுவில் 3 சென்டிமீட்டர் துளையுள்ள கறுப்புத் தாளை ஒட்டுங்கள். நிலவின் குழிகளும் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் அதில் தெரியும். எந்தத் தொலைநோக்கியையும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும், உதகையில் 530 மீட்டர் நீளத்திற்கு மலைச்சரிவில் நிற்கும் வானொலித் தொலைநோக்கியையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள். இத்தனையும் நம் மாநிலத்துக்குள்ளேயே இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

நிழலில்லா நாளை ஆண்டுதோறும் கவனிப்பது இன்னொரு நல்ல பழக்கம். சென்னையில் ஏப்ரல் 24, 25 அளவிலும் ஆகஸ்ட் 18 அளவிலும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 அளவிலும் செப்டம்பர் முதல் நாட்களிலும் நண்பகலில் செங்குத்தான குச்சிக்கு நிழல் விழாது. ஏப்ரலில் பள்ளிகள் தேர்விலும் விடுமுறையிலும் இருப்பதால் ஆகஸ்ட், செப்டம்பர் நாட்களே வகுப்புக்கு ஏற்றவை. கடிகாரத்தின் 12 மணியை நம்பாமல், நிழல் மிகக் குறுகும் நொடியைத் தேடுங்கள். நம் ஊர்களில் அது 12 மணிக்குச் சில நிமிடங்கள் கழித்தே வரும். வடக்கு தெற்காக அமைந்த தொலைதூர ஊரில் பணியாற்றும் நண்பரோடு ஒரே நாளில் நண்பகல் நிழலின் கோணத்தை அளந்தால், பூமியின் சுற்றளவையே கண்டுபிடிக்கலாம். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கோண வேறுபாடு 5 பாகை, வடக்கு தெற்குத் தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். 360ஐ 5ஆல் வகுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் வரும்.

வானம் ஈர்க்காதவர்களுக்குப் பறவைகள் இருக்கின்றன. பள்ளி வளாகத்திலேயே மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செண்பகம், தேன்சிட்டு என்று தொடங்கலாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் கணக்கெடுத்து எழுதிவையுங்கள். குளிர்காலத்தில் வாலாட்டிகள் வந்துசேரும் வாரமும் திரும்பிப் போகும் வாரமும் உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியவரும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் அந்தப் பதிவுகளைச் சேர்க்கலாம். தோட்டம், பூச்சிகள், பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்த்தல், அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதுதல் என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. பொழுதுபோக்கை உடனே போட்டியாகவும் செயல்திட்டமாகவும் மாற்றி அதற்கும் மதிப்பெண் போடத் தொடங்காதீர்கள். விரும்பும் பிள்ளைகள் உடன் வரட்டும்; வராதவர்களை விட்டுவிடுங்கள். குடும்பத்தாருக்கும் அதில் இடம் இருக்கட்டும்.

பதினோராம் படி: பணியில் வளர்தல்

2017 ஊதியத் திருத்தப்படி பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900; இவற்றின் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். இரண்டுக்கும் இடையே தொடக்கத்தில் உள்ள வேறுபாடு 500 ரூபாய் மட்டுமே என்பதால், ஊதியத்திற்காக மட்டும் முதுகலைப் பதவி உயர்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் ஊதியம் இதைவிட மிகக் குறைவு. அங்கே சேர்பவர்கள் போட்டித் தேர்வுத் தயாரிப்பை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

பட்டதாரி ஆசிரியர்கள் பணிமூப்பின்படி முதுகலை ஆசிரியராகவோ உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவோ உயரலாம். முதலாவது வழி ஒரே பாடத்தில் ஆழ்ந்த கற்பித்தலையும், இரண்டாவது வழி நிர்வாகத்தையும் கொடுக்கும். கற்பித்தலில் மனம் ஊன்றியவர்கள் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். சத்துணவு, கட்டடம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், அலுவலகக் கடிதங்கள் ஆகியவற்றுக்கே நாள் போதாமல் போகும். பொறுப்பை ஏற்பது என்று முடிவு செய்தால், ஆறாம் வகுப்பு அறிவியலில் வாரம் இரண்டு பாடவேளைகளையேனும் கால அட்டவணையில் உங்கள் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறு கூட்டங்களை வைப்பதில்லை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அலுவலகப் பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.